இறக்கைக்குள் முனிரத்தினம்

உள்ளே கூப்பிடுவார்கள், அதுவரை உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்விட்டாள். உள்ளே என்ற சொல்லை இவர்கள் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள். இவர்களுடைய உள்ளே என்பது கதவைத் தள்ளினால் வந்துவிடும். நாற்காலி இருக்கும், தண்ணீர் இருக்கும், ஏசி இருக்கும். என்னுடைய உள்ளே வேறு. இறக்கைக்கு அடியில் ஒரு நீள்வட்டத் துளை. அதில் முதலில் இரண்டு கைகளையும் தூக்கி நுழைக்க வேண்டும், பிறகு தலை, பிறகு ஒரு தோள், மூச்சை முழுக்க வெளியே விட்டு இன்னொரு தோள், அப்புறம் இடுப்பு. பிள்ளைப்பேற்றைப் பின்னாலிருந்து ஓட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று ஒருமுறை முனிரத்தினம் அண்ணனிடம் சொன்னேன். அவர் வெட்கப்பட்டுப்போய் அன்றைக்கு முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்தக் கம்பெனியில் ஆறு வருஷமாக விமான இறக்கைக்குள் ஊர்ந்துகொண்டிருக்கிறேன், இந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் வந்தது இன்றுதான். நாற்காலி வெள்ளை. வெள்ளையில் உட்காரச் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் மண்ணெண்ணெய் வாசம் போகவில்லை, அந்தப் பெண் என்னை உட்காரவைக்கும்போது லேசாக மூக்கைச் சுளித்த மாதிரி இருந்தது, இல்லாமலும் இருக்கலாம், எல்லாரும் என்னை மோந்து பார்ப்பதாக நினைப்பதும் ஒரு வியாதிதான். எதிர்ச்சுவரில் ஒரு விமானம் மேகத்துக்கு மேல் பறக்கிறது, கீழே, உங்கள் நலமே எங்கள் உயரம். யார் எழுதினார்களோ. உயரத்தை இவர்கள் வைத்துக்கொண்டு, உள்பக்கத்தை எங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஜன்னல் வழியாக எங்கள் விமானக் கொட்டகை தெரிகிறது. இங்கிருந்து பார்த்தால் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது. அதற்குள் இப்போது முனிரத்தினம் அண்ணன் இருக்கிறார், இறக்கைக்குள், என் இடத்தில்.

அதை நினைக்க வேண்டாம். நேர்காணல் பதில்களை ஒருமுறை ஓட்டிப்பார். திட்டப் பிரிவு ஏன்? எந்த மூடியை எப்போது திறப்பது, யார் எந்த வரிசையில் வேலை செய்வது என்று முடிவு செய்கிறவர்களுக்கு உள்ளே போய் வந்த அனுபவம் இருந்தால் நல்லது மேடம். நல்ல பதில். என் வீட்டுக்காரர் லோகநாதன் சொல்லிக்கொடுத்தது. உண்மையான பதில் என்னவென்றால், எனக்கு ஒரு மேஜை வேண்டும். மேஜைக்கு முன்னால் கால்களை மடக்காமல் உட்கார வேண்டும். கசிவை அடைக்கிற அந்தப் பசையின் வாசம் என் ரத்தத்திலிருந்து போக வேண்டும். தொட்டி வேலையை விட்ட பிறகு குழந்தையைப் பற்றி யோசியுங்கள் என்று டாக்டரம்மா சொன்னதை நானும் என் வீட்டுக்காரரும் எத்தனை முறைதான் ஒருவருக்கொருவர் சொல்லாமல் சொல்லிக்கொள்வது. எரிபொருள் நிரப்புகிற தொட்டியே இறக்கைதான் என்பது லோகநாதனுக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். அப்போ நீ பெட்ரோல் டேங்குக்குள்ள படுத்துக்கிட்டா வேலை பாக்கற என்று கேட்டார். ஆமாம், காலி பண்ணிவிட்டுத்தான் என்றேன். கசிவு இருக்கும் இடத்தில் பழைய பசையைச் சுரண்டி எடுத்துப் புதுப் பசை வைக்க வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. மாதேஸ்வரி, நீ சின்ன உடம்பு, உனக்கென்றே செய்த துளை அது என்று சொல்லித்தான் என்னை எடுத்தார்கள். மூடி வைத்த பாத்திரத்துக்குள் இருப்பது போல இருக்கும். இடமும் வலமும் அலுமினியத் தடுப்புகள், ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு துளை, துளைக்குத் துளை ஊர்ந்து இறக்கையின் நுனியை நோக்கிப் போகப்போக உயரம் குறைந்துகொண்டே வரும், கடைசியில் மூக்கு மேல்தகட்டில் இடிக்கும். காற்றுக்கு ஒரு குழாய். இடுப்பில் ஒரு கயிறு. கையில் பிளாஸ்டிக் சுரண்டி, இரும்பு கூடாது, பொறி பறந்தால் தீர்ந்தது கதை. வெளியே துளை வாசலில் ஒருவர் உட்கார்ந்தே இருக்க வேண்டும், எனக்கு முனிரத்தினம் அண்ணன். அவர் இறக்கையை ஒரு தட்டு தட்டுவார். நான் உள்ளிருந்து சுரண்டியின் பிடியால் இரண்டு தட்டு தட்டுவேன். நல்லா இருக்கேன் என்று அர்த்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு தட்டு. மறுபடி இரண்டு. நாளெல்லாம் இப்படி. பேசினால் குரல் வரும், எதிரொலியில் வார்த்தை புரியாது, தட்டினால்தான் தெளிவாகக் கேட்கும். வீட்டில் குளியலறைக் கதவை லோகநாதன் ஒரு தட்டு தட்டினால் நான் உள்ளிருந்து இரண்டு தட்டுகிறேனாம். ஒரு நாள் ராத்திரி தூக்கத்தில் அவர் கை கட்டிலில் இடித்ததற்கும் தட்டினேனாம். அவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். இப்போது எங்கேயோ ஒரு மேஜை இழுப்பறையை டக்கென்று மூடினார்கள், என் விரல் நாற்காலிக் கையில், சீ, யாரும் பார்க்கவில்லை. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள். கையும் காலும் ஒரு இடத்தில் நிற்காத பெண்ணுக்கு யார் மேஜை கொடுப்பார்கள்.

கூப்பிடவில்லை இன்னும். எனக்கு முன்னால் போன ஆள் நன்றாகப் பேசுகிறான் போலிருக்கிறது, சிரிப்புச் சத்தம் வருகிறது. சிரிக்கட்டும். வியாழக்கிழமையை நினைக்க மாட்டேன் என்று காலையில் பஸ்ஸில் ஏறும்போது முடிவு செய்தேன், முடிவு செய்த நிமிஷத்திலிருந்து அது பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு கூடவே வருகிறது. வியாழக்கிழமை இடது இறக்கை. நுனிப்பக்கம் போய்விட்டேன். பசை வைத்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஈரமாகப் பளபளவென்று இருந்தது, விரலால் வழித்து ஓரத்தைச் சரி செய்தேன். வாசம் கொஞ்சம் அதிகமாக இருப்பதாகத் தோன்றியது. அதுவும் இதமான வாசமாகத் தோன்றியது, அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஒரு தட்டு கேட்டது, இரண்டு தட்டினேன். பிறகு கண் திறந்தபோது கன்னம் தடுப்பின் விளிம்பில் கிடக்கிறது, எச்சில் காய்ந்திருக்கிறது, விளக்கு பாட்டுக்கு எரிகிறது. அசந்துவிட்டேன் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் பசையைத் தொட்டேன். மேலே தோல் கட்டியிருந்தது. அந்தப் பசை தோல் கட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று இந்தக் கம்பெனியில் என்னைவிட யாருக்குத் தெரியும். அரை ஷிப்டு நான் இல்லாமல் போயிருக்கிறேன். காற்றுக் குழாய் கவ்வியிலிருந்து நழுவி அடுத்த தடுப்புக்குள் கிடந்து ஊதிக்கொண்டிருந்தது. என் பக்கம் காற்றே இல்லை. மீட்டர் ஏன் கத்தவில்லை என்று கேட்பீர்கள். காற்று கெட்டால் கத்துகிற மீட்டர் கழுத்தில் தொங்க வேண்டும், தொங்கவிட்டால் ஒவ்வொரு துளையிலும் மாட்டி உயிரை வாங்கும், அதனால் எல்லாருமே அதைத் துளை வாசலிலேயே மாட்டிவிட்டுப் போவோம். வாசலில் காற்று எப்போதுமே நன்றாகத்தான் இருக்கும். இப்படிச் சொன்னால் எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது, அங்கே இருக்கும்போது தெரிவதில்லை. தலை இடித்துக்கொண்டு, முழங்கை சிராய்த்துக்கொண்டு வெளியே வந்தேன். எனக்கு இருந்த பயம் என்ன தெரியுமா, அண்ணன் அலறி அடித்துக்கொண்டு ஆட்களைக் கூட்டியிருப்பார், ஆம்புலன்ஸ் நிற்கும், நேர்காணல் போயிற்று. வெளியே ஆளும் இல்லை, கூட்டமும் இல்லை. அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னம்மா, இன்னிக்குப் பதிலெல்லாம் டாண் டாண்னு வந்துச்சு. மத்த நாளு மாதிரி நாலு தடவ தட்ட வெக்கல."

இதுதான். இதை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் நேராக நிற்க மாட்டேன் என்கிறது. நான் இல்லாத நேரத்தில் அவர் தட்டியிருக்கிறார், உள்ளே இருந்து இரண்டு தட்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும். நான் தட்டுவதைவிட ஒழுங்காக. அண்ணன் பொய் சொல்கிறாரா? எழுந்து எங்கேயாவது போய்விட்டு மழுப்புகிறாரா? அவர் அப்படிப்பட்டவர் இல்லை, டீயைக்கூட வாசலுக்கு வரவழைத்துத்தான் குடிப்பார், ஒன்றுக்குப் போவதென்றால்கூட ஆளை உட்காரவைத்துவிட்டுத்தான் போவார், அவரைச் சந்தேகப்பட்டால் என் நாக்கு அழுகிப்போகும். சரி, அப்படியானால் யார்? விளக்கை எடுத்துக்கொண்டு மறுபடி தலையை நுழைத்துப் பார்த்தேன். சுரண்டியை மறந்துவிட்டேன் என்று சாக்கு சொல்லிவிட்டு. தடுப்பு, துளை, தடுப்பு, துளை, கண்ணாடிக்கு எதிரில் கண்ணாடி வைத்த மாதிரி போய்க்கொண்டே இருந்தது. ஒருவரும் இல்லை. இருப்பதற்கு இடமும் இல்லை, நானே ஒடுங்கித்தான் படுத்திருந்தேன். என்னை ஒட்டிப் படுத்துக்கொண்டுதான் அது தட்டியிருக்க வேண்டும்.  என் கன்னத்துக்கு எவ்வளவு பக்கத்தில்? என் சுரண்டியை எடுத்துத்தான் தட்டியதா? சுரண்டி என் கையில்தான் இருந்தது, விழித்தபோது இறுக்கிப் பிடித்திருந்தேன். எனக்கு நல்லது செய்வதாக நினைத்ததோ என்னவோ, இவள் நன்றாக இருக்கிறாள், தொந்தரவு செய்யாதீர்கள் என்று. நான் செத்தே போயிருந்தாலும் சாயங்காலம் ஷிப்டு முடியும்வரை அது ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கும். அண்ணன் திருப்தியாக டீ குடித்துக்கொண்டிருப்பார்.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? மயங்கினேன் என்று சொன்னால் டாக்டரிடம் அனுப்புவார்கள், அனுப்பினால் தகுதி இல்லை என்று ஒரு முத்திரை விழும், அந்த முத்திரை விழுந்தவர்களை இந்தக் கம்பெனி மிகவும் மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவிடும். நேர்காணலுக்கு வரச் சொல்லி முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்கள். நான் மயங்கினேன், எனக்குப் பதிலாக வேறு யாரோ தட்டினார்கள் என்று முழுசாகச் சொன்னாலோ முத்திரைக்குக்கூட அவசியம் இருக்காது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஒரு வாரம் ஓட்டிவிட்டால் போதும், மேஜை கிடைத்துவிட்டால் அந்தத் துளைக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று கணக்குப் போட்டேன். இன்றைக்கு நான் லீவு போட்டால் என் வேலைக்கு யார் போவார்கள் என்று அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. காலையில் கேட்டில் பார்த்தேன். அண்ணன்தான், தொப்பையைத் தடவிக்கொண்டு நின்றார், இந்த உடம்பை உள்ளே திணிக்கப்போகிறார்களாம், வாசலில் தனகோட்டி உட்காருவானாம், இரண்டாம் கொட்டகையிலிருந்து வந்தவன், விதிமுறை தப்ப மாட்டான். நீ விட்ட இடத்துல நான் முடிச்சிடறேன், நீ போய் நல்லா பதில் சொல்லிட்டு வா என்றார். நல்லா பதில் சொல்லு. குழாய்க் கவ்வி கொஞ்சம் லூஸா இருக்குண்ணா என்றேன். போகிற போக்கில், உப்பு கொஞ்சம் கம்மி என்று சொல்கிற மாதிரி. பார்க்கிறேன் என்றார். பார்த்திருப்பார். பார்த்திருப்பாரா? மீட்டரை வாசலில் மாட்டியிருப்பார், அது நிச்சயம், அந்தத் தொப்பைக்கு மீட்டரும் சேர்ந்தால் நுழையவே முடியாது. இந்நேரம் நுனிப்பக்கம் போயிருப்பார். அந்த இடத்தில் அதுவும் இருக்கும். தனகோட்டி தட்டுவான். பதில் வரும். வந்தால் இழுக்க மாட்டார்கள். பதில் வருகிறவரை யாரும் யாரையும் இழுக்க மாட்டார்கள். எழுந்து ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வரலாமா? ஓடினால் பெயரைக் கூப்பிடும்போது நான் இருக்க மாட்டேன். ஒன்றும் ஆகாது. இத்தனை வருஷம் ஆகாததா இன்றைக்கு ஆகப்போகிறது. போன வியாழக்கிழமை ஆனதே. எனக்கு ஆகவில்லையே, உயிரோடு உட்கார்ந்திருக்கிறேனே. மாதேஸ்வரி, உள்ளே வாங்க என்கிறாள் அந்தப் பெண். கதவு. நாற்காலி. தண்ணீர் ஜாடி. சொன்ன மாதிரியே எல்லாம் இருக்கிறது.

மூன்று பேர். நடுவில் வசுந்தரா மேடம், திட்டப் பிரிவுக்குத் தலைவர், நரைத்த முடிக்குச் சாயம் போடாதவர், அதனாலேயே எனக்குப் பிடித்துவிட்டது. வலதுபுறம் பாதுகாப்புப் பிரிவு பரந்தாமன் சார். இடதுபுறம் ஆளெடுக்கும் பிரிவிலிருந்து ஒருவர், அவர் வேலை சிரிப்பது. ஏன் திட்டப் பிரிவு என்று கேட்டார்கள், லோகநாதன் சொன்னதைச் சொன்னேன், மேடம் தலையை ஆட்டினார். கம்ப்யூட்டர் தெரியுமா என்றார்கள், தெரியும் என்றேன். குடும்பம், ஊர், ஓசூரில் எங்கே. எல்லாவற்றுக்கும் என் வாய் பாட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது, நான் அந்த இறக்கையின் நுனியில் படுத்திருந்தேன். ஜன்னல் இங்கேயும் கொட்டகையைப் பார்த்துத்தான் இருந்தது. நல்லபடியாகப் போகிறது என்று அவர்கள் முகத்தில் தெரிந்தது, மேஜை கிட்டத்தட்ட என் பக்கம் நகர்ந்து வருவது போல இருந்தது. அப்போது பரந்தாமன் சார், எல்லாரிடமும் கேட்கிற கேள்வி என்ற அலுப்போடு, பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார், உள்ளே இருக்கிறவர் நன்றாக இருக்கிறார் என்று வெளியே இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? தட்டுவார்கள் சார், நான் இரண்டு தட்டுவேன் என்றேன். தட்டல் வரவில்லை என்றால்? கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள் சார். சரி என்று சொல்லிக் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அவர் குனிந்து எழுதிக்கொண்டே, ஏதோ பேச்சுக்குச் சொல்வது போல, வந்தா பிரச்சனை இல்ல என்றார். என் தொண்டையில் அது மாட்டிக்கொண்டது, மீட்டர் தடுப்பில் மாட்டுகிற மாதிரி. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

"வந்தாலும் தெரியாது சார்" என்றேன். மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். "போன வியாழக்கிழமை நான் உள்ள மயங்கிட்டேன். ரொம்ப நேரம். அப்பவும் பதில் வந்திருக்கு. இன்னிக்கு முனிரத்தினம் அண்ணன் உள்ள இருக்காரு. போன் பண்ணுங்க மேடம்."

சொன்னதும் மேஜை போய்விட்டது. போனது எனக்கே தெரிந்தது, குழந்தையும் சேர்ந்து கொஞ்ச தூரம் போனது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். சிரிக்கிறவர் முதல் முறையாகச் சிரிக்காமல் இருந்தார். வசுந்தரா மேடம் உடனே கொட்டகைக்குப் போன் போட்டு எல்லாருக்கும் கேட்கும்படி மேஜையில் வைத்தார். துளை வாசலிலேயே அவசரத்துக்கு ஒரு போன் தொங்கும். தனகோட்டிதான் எடுத்தான். உள்ளே யார், நன்றாக இருக்கிறாரா என்று மேடம் கேட்டார்.

"நல்லா இருக்காரு மேடம். இப்பதான் தட்டினேன். ரெண்டு வந்துச்சு."

எல்லாருடைய தோளும் இறங்கியது. சிரிப்பவர் என்னைப் பார்த்து மறுபடி சிரித்தார், இந்த முறை இரக்கத்தோடு. பாவம், பதற்றம், நேர்காணல் என்றால் அப்படித்தான். அந்த இரக்கத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் போதும் என்று ஒரு கணம் எனக்கே ஆசை வந்தது, மன்னியுங்கள் மேடம், பயத்தில் உளறிவிட்டேன் என்றால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். தட்ட வேண்டாம், பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள் என்றேன். என் குரல்தானா என்று இருந்தது. மேடம் சொன்னார். போனில் கொட்டகையின் இரைச்சல், தனகோட்டி துளைக்குள் தலையை விட்டிருக்க வேண்டும், முனிரத்தினம் அண்ணா என்று கூப்பிட்டது கிணற்றிலிருந்து வருவது போலக் கேட்டது. பழக்கத்தில் இறக்கையையும் ஒரு தட்டு தட்டிவிட்டான். குரல் வரவில்லை. ஒன்றும் வரவில்லை. பிறகு, தெளிவாக, எங்கள் நாலு பேருக்கும் கேட்கும்படி, இரண்டு தட்டு. கேட்டுச்சா மேடம், பதில் தர்றாரு என்றான் அவன் சந்தோஷமாக. வாயைத் திறந்து பேசச் சொல் என்றார் பரந்தாமன் சார். பேசுண்ணா, மேடம் கேக்கறாங்க. ஒரு தட்டு. மறுபடி இரண்டு. அவசரமே இல்லாமல், டாண் டாண் என்று.

"இழு" என்றார் பரந்தாமன் சார். எழுந்து நின்றிருந்தார்.

அப்புறம் ஓட்டமும் கூச்சலும்தான் கேட்டது. கயிறு தடுப்பில் உரசுகிற சத்தம் எனக்கு அடையாளம் தெரிந்தது. அந்த உடம்பு ஒவ்வொரு துளையிலும் மாட்டும், தோளைத் திருப்ப வேண்டும், யாராவது உள்ளே கை விட்டுத் தோளைத் திருப்ப வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், யாரிடம் சொன்னேன் என்று தெரியாது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியவில்லை. அண்ணா, வெளியே வந்துவிடு, அது பேச்சைக் கேட்காதே, அது நல்லா இருக்காரு நல்லா இருக்காரு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தனகோட்டி மறுபடி போனுக்கு வந்தபோது அவன் குரலில் சந்தோஷம் இல்லை. வெளியே எடுத்துவிட்டோம், மூச்சு இருக்கிறது, ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்றான். மூச்சு இருக்கிறது என்ற சொல்லைக் கேட்டதும் அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது, மேடத்துக்கு முன்னால் வாய்விட்டு அழுதேன். ஆனால் அவன் போனை வைக்கவில்லை.

"கண்ணு தொறக்கல மேடம். நெனவே இல்ல. ஆனா கை மட்டும்... பக்கத்துல யாராவது பூட்ஸ் கால வெச்சா தரையில தட்டுது. ரெண்டு ரெண்டா தட்டுது மேடம்."

அப்படியானால் உள்ளே வேறு யாரும் இல்லை. அன்றைக்கு என்னை ஒட்டிப் படுத்துக்கொண்டு யாரும் தட்டவில்லை. சுரண்டி என் கையில்தான் இருந்தது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், இல்லை. பேயாக இருந்தால் அந்த இறக்கையோடு போயிருக்கும், என்னோடு பஸ் ஏறி வந்திருக்காது. பரந்தாமன் சார் கதவைத் திறந்துகொண்டு ஓடியிருந்தார். வசுந்தரா மேடம் எழுந்து ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றினார். நீங்க நல்லா இருக்கீங்களா மாதேஸ்வரி என்று கேட்டார், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார், இந்தக் கம்பெனியில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. இல்லை மேடம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் தம்ளரை என் முன்னால் மேஜையில் வைத்தார், டக்கென்று. பிறகு மேடமும் சிரிக்கிறவரும் என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் வலது கை இரண்டு முறை தட்டி முடித்திருந்தது.